வணிகமும் இணைப்பு மென்பொருளும்



நூறு மூடை சீமெந்து வேண்டுமென்று ஒரு கடைக்காரர் ஒரு வணிக நிறுவனத்துக்கு எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். கடிதம் முதலில் விற்பனைப் பகுதிக்குச் செல்கின்றது. அப்பகுதியின் ஏட்டில் அவர் தம் கடையின் பெயரால் பதியப்பட்டிருக்கிறார். கணக்குப் பகுதியின் ஏட்டில் கடையின் பெயர் இல்லை. உரிமையாளரின் பெயரே உண்டு. களஞ்சியத்தின் ஏட்டிலோ பெயரேதும் இன்றி ஓர் இலக்கம் மாத்திரமே காணப்படும். முப்பது ஆண்டு சேவையுள்ள இலிகிதர் ஒருவர் அங்கே இருக்கும் வரையில் இதனால் இடர் எதுவும் நேர்வதில்லை. மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்பதை அவர் அறிவார். பழைய கடன் தீர்ந்ததா, மூடைகள் கையிருப்பில் உள்ளனவா, எந்த லொறியில் அனுப்பலாம் என்பவற்றை நாலடி நடந்து கேட்டறிந்து காரியத்தை முடித்துவிடுவார்.

அந்த மூன்று ஏடுகளும் மூன்று கணினிச் செயலிகளாக மாறியபோது அந்த இலிகிதரின் இடம் வெற்றிடமாயிற்று. செயலி என்பது தனக்கு எழுதித் தரப்பட்ட வேலையை மட்டும் செய்யும். அயலிலுள்ள செயலியோடு தானாக உரையாட அது அறியாது. ஆகவே, அவற்றுக்கிடையே தூது செல்வதற்கென்றே தனியாக ஒருவகை மென்பொருள் தோன்றிற்று. நிறுவனச் செயலிகளின் இணைப்பு மென்பொருள் என்று அதனை அழைக்கலாம். அதனை எவ்வாறு தெரிவு செய்வது என்னும் வினா, பெரிய வங்கி முதல் நடுத்தர மொத்த வியாபாரி வரை இன்று பலரை எதிர்நோக்கியுள்ளது. விற்பனையாளர் கொண்டுவரும் அழகிய கையேடுகளைப் படித்து இதற்கு விடை காண்பது கடினம். சென்ற காலத்தில் பிறர் எவற்றைத் தெரிந்தெடுத்தனர், அத்தெரிவுகள் பின்னர் என்னவாயின என்று நோக்குவது கூடிய பயன் தரும். அதுவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

கணினிக்கு நூறாண்டு முந்திய ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குவோம். 1840ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இங்கிலாந்தின் புகையிரதப் பாதைகள் பல தனித்தனிக் கம்பனிகளுக்குச் சொந்தமாயிருந்தன. ஒரு கம்பனியின் பாதை முடியும் இடத்தில் பிரயாணி இறங்கி, அடுத்த கம்பனியிடம் புதிதாகச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. பொருள்களையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. வண்டிகளை அப்படியே அடுத்தவர் பாதையில் ஓடவிடலாம்தான்; ஆனால், வாங்கிய கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு என்று கணக்கிடுவது யார்? லண்டன் வங்கிகள் தமக்குள் காசோலைகளைத் தீர்த்துக்கொள்ளும் முறையை ஜோர்ஜ் கார் கிளின் என்னும் வங்கியாளர் நன்கு அறிந்தவர். லண்டன் - பேர்மிங்ஹாம் புகையிரதக் கம்பனியின் தலைவரும் அவரே. அவருடைய முயற்சியால், 1842 ஜனவரி 2ஆந் திகதி, யூஸ்டன் நிலையத்துக்கு எதிரே ஒரு சிறு கந்தோரில் புகையிரதக் கணக்குத் தீர்வு நிலையம் தொழிற்படத் தொடங்கிற்று. பாதைகள் கூடும் சந்திகளில் நிறுத்தப்பட்ட ஊழியர், கடந்து செல்லும் வண்டிகளின் இலக்கங்களைக் குறித்து லண்டனுக்கு அனுப்பினர். அங்கே இலிகிதர்கள் அவற்றை ஒப்புநோக்கிக் கம்பனிகளின் பங்கைப் பிரித்தனர்.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், அந்நிலையம் கம்பனிகளின் உள் ஏடுகளைத் தொடவே இல்லை. ஒவ்வொரு கம்பனியும் தன் கணக்கைத் தன் விருப்பப்படியே எழுதிற்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் பத்திரம் மாத்திரம் எல்லார்க்கும் பொதுவான வடிவில் இருத்தல் வேண்டும் என்பதே ஏற்பாடு. பண்டங்களின் வகைப் பெயர்களும் பொதுவாக்கப்பட்டன. நேரமுங்கூட அவ்வாறே! ஊருக்கு ஊர் வேறுபட்ட சூரிய நேரத்தை விடுத்து, கிரீனிச் நேரத்தையே யாவரும் கைக்கொள்ளுமாறு 1847இல் அந்நிலையம் பரிந்துரைத்தது. 1923இல் கம்பனிகள் நான்கு பெருங் கம்பனிகளாக ஒன்றாக்கப்பட்டன, 1948இல் அரசுடைமையாயின. எத்தனையோ உரிமையாளர் வந்தும் போயும் உள்ளனர். எனினும், அந்தத் தீர்வு நிலையம் 1963ஆம் ஆண்டு வரை நின்று நிலவிற்று.

உரிமையாளர் மாறினும் பொது வடிவம் நிலைத்தது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, நமது நூற்றாண்டுக்கு அண்மையில் வருவோம். இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1948 ஜூனில், சோவியத் படைகள் மேற்குப் பேர்லினுக்குச் செல்லும் தரை வழிகளை அடைத்தன. நகர மக்களுக்கு வேண்டிய உணவும் நிலக்கரியும் வானூர்திகளிலேயே சென்றன. 1949 செப்ரெம்பரில் அப்பணி முடிவதற்குள் ஏறக்குறைய 23 இலட்சம் தொன் சரக்கு அவ்வாறு கொண்டு செல்லப்பட்டது. சரக்கோடு வந்த பத்திரங்களோ பல வடிவின, பல மொழியின. எட்வேர்ட் கில்பேட் என்னும் அமெரிக்கப் படையினர், தொலையச்சு, வானொலி, தொலைபேசி ஆகிய எதனால் அனுப்பினும் பொருந்தக்கூடிய ஒரேவிதமான சரக்குப் பட்டியல் வடிவத்தை அங்கே உருவாக்குவதில் முன்னின்றார். அந்த அனுபவத்தைப் பின்னர் அவர் வணிகத்துக்கும் கொண்டுவந்தார். 1968இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையினர் சரக்குத் தரவுக்குப் பொது வடிவம் காணும்பொருட்டு அமைத்த குழுவில் அவர் முதன்மையானவராய் விளங்கினார். அவ்வழியில் வளர்ந்ததே மின்முறைத் தரவுப் பரிமாற்றம் என்பது. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் உருவான எடிபாக்ட் என்னும் பொது வடிவம் 1987இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது.

இது தூர தேசத்துச் செய்தி என்று நேயர்கள் எண்ண வேண்டியதில்லை. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கொள்கலன் கப்பலில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கின்றது என்பதைத் தெரிவிக்கும் செய்தி, அந்த எடிபாக்ட் வடிவிலேதான் கப்பற் கம்பனிகளிடமிருந்து வருவது வழக்கம். அதனை எழுதிய கணினி எந்நாட்டில், யாரால் செய்யப்பட்டது என்று பாரந்தூக்கியை இயக்குபவர் கேட்பதில்லை.

ஒரு நிறுவனத்துக்கும் மற்றொரு நிறுவனத்துக்கும் இடையே இவ்வாறு வழி பிறந்தது. வியப்பு என்னவெனில், ஒரே நிறுவனத்தின் சுவர்களுக்குள்ளே இருந்த செயலிகளுக்கிடையில் நெடுங்காலம் அத்தகைய ஒழுங்கு ஏற்படவில்லை. 1960களிலும் 70களிலும் சம்பளப் பகுதி ஒரு செயலியை எழுதுவித்தது. களஞ்சியம் மற்றொன்றை வாங்கிற்று. விற்பனைப் பகுதி வேறொருவரிடம் மூன்றாவதைச் செய்வித்தது. இரண்டைப் பொருத்த வேண்டுமாயின், ஒருவர் அமர்ந்து அவ்விரண்டுக்கும் மட்டும் உரிய ஓர் இணைப்பு நிரலை எழுதுவார். அடுத்த வருடம் வேறிரண்டு. அதற்கு வேறு நிரல். கீழ் வகுப்பு மாணவரும் செய்யத்தக்க கணக்கு ஒன்று இங்கே உண்டு. பத்துச் செயலிகள் ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றோடும் நேரே பேச வேண்டுமெனின் 45 இணைப்புகள் வேண்டும். செயலிகள் இருபதாயின் 190 வேண்டும். இந்நிலையை மேல்நாட்டார் தமது மாவுணவு நாடா ஒன்றின் பெயரால் அழைப்பர். நாம் இடியப்பச் சிக்கல் என்போமாயின் நம்மவர்க்கு உடனே விளங்கும். ஓர் இழையை இழுத்தால் தட்டு முழுவதும் அசையும். இந்த இணைப்புகளை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டால், அவற்றைத் தொடவும் பிறர் அஞ்சுவர்.

இடையே நின்று இணைக்கும் மென்பொருள் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் பழையதே. 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் மென்பொருட் பொறியியல் பற்றி நடந்த புகழ்பெற்ற மகாநாட்டின் அறிக்கையிலேயே 'இடைமென்பொருள்' என்னும் சொல் காணப்படுகின்றது. ஆனால், விலைக்கு வாங்கத்தக்க சரக்காக அது வந்தது 1980களின் பிற்பகுதியிலே. அவ்வாறு வந்தவற்றுள் இரண்டு கருத்துகள் முக்கியமானவை.

முதலாவது, நியூயோர்க் பங்குச் சந்தையைச் சார்ந்து பிறந்தது. அங்குள்ள வணிகரின் மேசையில் ஒவ்வொரு செய்தி நிறுவனமும் தந்த திரை தனித்தனியே நின்றது. ஒருவர் முன்னே பல திரைகள்; அவற்றுள் ஒன்றிலுள்ள விலையை மற்றொன்றில் கையாலே பதிய வேண்டிய நிலை. பம்பாயிற் பிறந்த விவேக் ரணதிவே என்பவர் தாம் 1980களில் தொடங்கிய டெக்னெக்ரோன் நிறுவனத்தின் வாயிலாகத் 'தகவற் பாட்டை' என்னும் முறையைக் கொண்டுவந்தார். விலை, செய்தி எதுவாயினும் பொதுவான ஒரு பாட்டையில் விடப்படும். எச்செயலிக்கு எது வேண்டுமோ அதனை அது எடுத்துக்கொள்ளும். அனுப்புவோர்க்கு, பெறுவோர் யாவர் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாம் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியும் ஏறத்தாழ இம்முறையினதே. கோல்ட்மன் சாக்ஸ் போன்ற பெரிய முதலீட்டு நிறுவனங்கள் இதனை முதலில் ஏற்றன.

இரண்டாவது, ஐ.பி.எம். நிறுவனம் 1993இல் வெளியிட்ட செய்தி வரிசை மென்பொருள். இதன் இயல்பை விளக்கப் பதிவுத் தபாலை நினைவுகூரலாம். தொலைபேசியில் பேச வேண்டுமாயின் இருவரும் ஒரே வேளையில் இருத்தல் வேண்டும். தபாலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெறுவோர் ஊரில் இல்லாவிடினும் கடிதம் கந்தோரில் காத்திருக்கும், தொலையாது, ஒருமுறைக்கு இருமுறை கொடுபடவும் மாட்டாது. கணக்குச் செயலி இரவில் ஓய்ந்திருந்தாலும், விற்பனைச் செயலி அனுப்பிய செய்தி வரிசையிலே நின்று காலையில் அதனிடம் சேரும். வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் இம்முறையைப் பெரிதும் விரும்பியதில் வியப்பில்லை.

இனி, 1990களின் இறுதிக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய செயலிகள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்து 1900 என மயங்கும் என்ற அச்சம் உலகெங்கும் பரவியிருந்த காலம் அது. பழையவற்றைத் திருத்துவதா, அன்றிக் களைந்துவிட்டுப் புதியதை வாங்குவதா? ஜேர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஆர்-3 என்னும் பெருஞ் செயலி, கணக்கு, களஞ்சியம், உற்பத்தி யாவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவருவதாய் அமைந்திருந்தது. எல்லாம் ஒன்றாகிவிட்டால் இணைப்புக்கு வேலையே இல்லை என்று பலர் கருதினர். கருத்து நல்லதுதான், எந்தப் பெரிய வணிகத்திலும் அது முழுமையாக நிறைவேறியதாக நான் அறியேன். ஏதேனும் ஓர் அயற் செயலி கூரைக்கு வெளியே நிற்கவே செய்யும்.

ஐக்கிய அமெரிக்காவில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்ஷி என்னும் சொக்கிலேற்றுக் கம்பனியின் கதை இதற்குச் சான்று. 2000ஆம் ஆண்டு அச்சமும் தூண்ட, அக்கம்பனி எஸ்.ஏ.பி.யைத் தெரிந்தெடுத்தது, உற்பத்தித் திட்டமிடலுக்கு மனுஜிஸ்டிக்ஸ் என்பாரின் செயலியையும், வாடிக்கையாளர் விவகாரத்துக்குச் சீபெல் என்பாரின் செயலியையும் அதனோடு சேர்த்தது. மொத்தச் செலவு 11 கோடியே 20 இலட்சம் டொலர். நான்கு ஆண்டு எடுக்க வேண்டுமென்று மதிப்பிடப்பட்ட வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்க முனைந்தனர். 1999 ஏப்பிரலில் ஆரம்பிக்க எண்ணியது ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. மூன்று புதிய செயலிகளும் ஒரே வேளையில் இயங்கத் தொடங்கின.

ஜூலையில் என்ன தீங்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஒக்டோபர் இறுதியில் வரும் ஹலோவீன் பண்டிகையில் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்பர். அப்பண்டிகைக்குக் கடைகள் பண்டங் கொள்வனவு செய்யும் பருவம் ஜூலைக்குப் பின்னரே தொடங்கும். நம்மூரில் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் புடவைக் கடையின் பேரேட்டை மாற்றுவது போன்றது அது. விளைவு என்ன? இனிப்புகள் செய்யப்பட்டிருந்தன, கிடங்கிலும் இருந்தன. கடைகளின் கட்டளைகளும் வந்திருந்தன. ஆனால், கட்டளை கிடங்கைச் சென்றடைய வழியில்லை. முன்பெல்லாம் பருவக் காலத்தில் இனிப்புகளைத் தற்காலிகமாக வைப்பதற்கு அங்குமிங்கும் இடங்களைப் பயன்படுத்துவது அங்கே வழக்கம் என்றும், அவ்விடங்கள் புதிய செயலியில் கிடங்கு எனப் பதியப்படாமையால் அங்கிருந்த பண்டம் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் பின்னர் எழுதப்பட்ட விளக்கங்கள் கூறுகின்றன. பழைய ஊழியருக்கு அவ்விடங்கள் தெரியும். அவர்கள் மனத்திலிருந்ததை எவரும் கேட்டு எழுதவில்லை போலும். பத்துக் கோடி டொலர் பெறுமதியான இனிப்புகள் உரிய காலத்தில் கடைகளைச் சேரவில்லை. அந்தக் காலாண்டின் இலாபம் 19 சதவீதம் வீழ்ந்தது.

ஹியூலட் பக்கார்ட் கம்பனிக்கு 2004இல் நேர்ந்தது இதனினும் விசித்திரமானது. ஏனெனில், கணினியையே தொழிலாகக் கொண்ட கம்பனி அது; இத்தகைய மாற்றங்களைப் பலமுறை செய்து பழகியும் இருந்தது. ஏதேனும் தடை வந்தாலும் மூன்று வாரம் சமாளிக்கத்தக்க அளவு சரக்கை முற்கூட்டியே சேர்த்து வைத்திருந்தது. பழைய கட்டளைச் செயலியை எஸ்.ஏ.பி.யோடு இணைத்தபோது, வாடிக்கையாளரின் விருப்பத்துக்கேற்பச் செய்யப்படும் கணினிகளுக்கான கட்டளைகளில் 20 சதவீதம் வரை இரண்டுக்கும் நடுவழியில் நின்றுவிட்டன. பழையது ஒரு பொருளை விவரித்த விதம் புதியதற்கு விளங்கவில்லை. தாமதமும் இழப்புமாகச் சேர்ந்து 16 கோடி டொலர் அளவில் பாதிப்பு ஏற்பட்டது. மூன்று வாரச் சரக்குப் போதவில்லை. காத்திராத வாடிக்கையாளர் அயற் கம்பனிகளை நாடிச் சென்றனர்.

இவ்விரு சம்பவங்களிலும் வாங்கிய மென்பொருள் கெட்ட சரக்கென்று சொல்ல முடியாது. அதே மென்பொருள் வேறு பல இடங்களில் நன்றாக உழைத்தது. தவறியது சொற்பொருளில் என்பேன். 'கிடங்கு' என்றால் எது, 'கட்டளை' என்றால் எது, 'வாடிக்கையாளர்' என்றால் யார் என்பவற்றில் ஒரே கம்பனியின் இரண்டு பகுதிகள் உடன்படாதிருந்தன. உடன்பாடில்லாத இருவருக்கிடையே எத்துணை விரைவான தூதனை அனுப்பினாலும் குழப்பமே விரைவாகச் சேரும்.

பாடசாலை அதிபராயிருப்போர்க்கு இவ்விடர் புதிதன்று. ஒரே மாணவியின் பெயர் இடாப்பில் ஒருவிதமாகவும், பிறப்புச் சான்றிதழில் வேறுவிதமாகவும், பரீட்சை விண்ணப்பத்தில் பின்னொரு விதமாகவும் காணப்படுவது நாள்தோறும் நாம் காண்பதே. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'ழ'கரம் ஒன்றே மூன்று கோலம் கொள்ளும். மும்மொழி வழங்கும் நம் நாட்டிலே இணைப்பு மென்பொருள் வாங்கப் புறப்படும் எந்த நிறுவனமும், வாங்குவதற்கு முன்னே, தன் ஏடுகளிலுள்ள இரு பெயர்கள் ஒருவரையே குறிக்கின்றனவா என்று எங்ஙனம் துணிவது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும். இதனை எந்த விற்பனையாளரும் விலைக்குத் தர இயலாது.

வணிகரின் இழப்பு வணிகரோடு நின்றுவிட்டால் பொதுமக்களாகிய நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால், அவ்வாறு நிற்பதில்லை. பிரித்தானியாவில் ரி.எஸ்.பி. என்னும் வங்கி, முன்னைய உரிமையாளரான லொயிட்ஸ் வங்கியின் கணினிகளிலேயே தங்கியிருந்தது. 2015இல் அதனை வாங்கிய ஸ்பானிய வங்கி, தன் சொந்த அமைப்புக்கு யாவற்றையும் மாற்ற முடிவு செய்தது. 2018 ஏப்பிரலில் ஒரு வார இறுதியில் 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகள் மாற்றப்பட்டன. கணக்கு விபரங்கள் செம்மையாகவே போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தாங்கிய புதிய அமைப்பே தள்ளாடிற்று. மக்கள் தம் பணத்தை எடுக்கவும் பார்க்கவும் முடியாமல் தவித்தனர். நிலைமை முற்றாகச் சீரடைய அவ்வருடம் டிசெம்பர் ஆயிற்று. இரண்டு தரவு நிலையங்களுள் ஒன்றில் மட்டுமே முக்கியமான ஒரு சோதனை நடத்தப்பட்டது என்று பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. 2022 டிசெம்பரில் அவ்வங்கிக்கு விதிக்கப்பட்ட தண்டம் 4 கோடியே 86 இலட்சம் பவுணுக்கு மேற்பட்டது.

இனி, தெரிவு செய்யப்பட்ட விற்பனையாளர் என்னவாயினர் என்பதைப் பார்ப்போம். இப்பகுதி ஒரு பழைய அரச வம்சாவளியைப் படிப்பது போலிருக்கும், நேயர்கள் பொறுத்தருள்க. ரணதிவேயின் டெக்னெக்ரோனை 1994இல் ரொய்ட்டர் செய்தி நிறுவனம் வாங்கிற்று. அதிலிருந்து 1997இல் டிப்கோ பிறந்தது. 2014இல் விஸ்டா என்னும் முதலீட்டு நிறுவனம் 430 கோடி டொலருக்கு டிப்கோவை வாங்கிக்கொள்ள உடன்பட்டது. 2022இல் அது சிற்றிக்ஸ் என்னும் மற்றொரு நிறுவனத்தோடு சேர்க்கப்பட்டது. 1996இல் தோன்றிய வெப்மெதட்ஸ், 2007இல் ஜேர்மனியின் சொப்ட்வெயார் ஏ.ஜி. நிறுவனத்துக்குக் கைமாறி, 2024இல் ஐ.பி.எம். வசமாயிற்று. சீபியொண்ட் என்பதை 2005இல் சன் நிறுவனம் வாங்க, சன்னையே 2010இல் ஒரக்கிள் வாங்கிற்று. நியோன் என்பதைச் சைபேஸ் வாங்க, சைபேஸை எஸ்.ஏ.பி. வாங்கிற்று. மியூல்சொப்ட் என்பதைச் சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் 2018இல் 650 கோடி டொலருக்குத் தனதாக்கிற்று.

ஒரு வணிகர் அந்நாளில் இவர்களுள் எவரைத் தெரிந்திருந்தாலும், இன்று அவர் கையிலிருக்கும் பொருந்தனை வேறொருவர் பெயரில் இருக்கும். புதிய உரிமையாளரிடம் அதே வேலைக்கு வேறொரு மென்பொருள் ஏற்கெனவே இருந்திருக்கலாம். இரண்டையும் நெடுங்காலம் பேணுவதில் எவருக்கும் ஆர்வம் இராது. விலை கூடும், அல்லது, 'இனி இதற்குத் திருத்தம் வராது' என்று ஒரு கடிதம் வரும். ஆகவே, வாங்கும்போது கேட்க வேண்டிய வினாக்களுள் தலையாயது, 'இதிலிருந்து வெளியேறுவது எப்படி?' என்பதே என எண்ணுகிறேன். நம் செய்திகள் எடிபாக்ட் போன்ற பொது வடிவில் உள்ளனவா, அல்லது அந்த விற்பனையாளர் ஒருவருக்கே விளங்கும் வடிவில் உள்ளனவா? நமது வணிக விதிகளை அவருடைய கருவிக்குள்ளே எழுதிப் புதைத்துவிட்டோமா, அல்லது அவை நம் கையில் வேறாகவும் எழுதப்பட்டுள்ளனவா? விற்பனைக்கு வருபவர் இவ்வினாக்களை விரும்பமாட்டார். விடை சொல்லத் தயங்குவாராயின் அதுவும் ஒரு விடையே.

சிறிய நிறுவனத்துக்கு வேறொன்றும் சொல்ல வேண்டும். மூன்று செயலிகள் மட்டும் உள்ள இடத்தில் மூன்று இணைப்புகளே தேவை. ஒவ்வோர் இரவும் ஒரு செயலி எழுதிவைக்கும் பட்டியலைக் காலையில் மற்றொன்று வாசிக்கும் எளிய முறை அத்தகையோர்க்குப் போதும். அதனைப் பழமை என்று இகழ்வோர் உளர். சீமெந்து மூடையின் கையிருப்பு இரவுக்கு ஒருமுறை தெரிந்தால் போதுமெனின், கண நேரத்துக்கு ஒருமுறை அதனைத் தெரிவிக்கும் கருவிக்கு ஏன் பணம் செலவிட வேண்டும்? பங்குச் சந்தை வணிகருக்கு விலை ஒரு நொடி பிந்தினாலும் நட்டம். மொத்த வியாபாரிக்கு அவ்வாறில்லை. செயலிகள் ஏழெட்டாகப் பெருகும்போது நடுவே ஒரு பாட்டையை அமைப்பது பற்றி யோசிக்கலாம்.

இத்துறையின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. நம்மவர் பலர் அதனை அறியார். ஒரு செயலி தன்னிடம் எவ்வகைச் சேவைகள் உண்டு என்பதை இணையத்தின் வழியே பிற செயலிகளுக்கு அறிவிப்பதற்கான பொது மொழி ஒன்று 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியாயிற்று. அதனை எழுதிய நால்வருள் ஒருவர், அக்காலத்தில் ஐ.பி.எம். ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய இலங்கையரான சஞ்சீவ வீரவரண. அவர் மற்றும் இருவரோடு சேர்ந்து 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பொறியியலாளருள் மிகப் பெரும்பாலோர் கொழும்பிலேயே இருந்து பணிபுரிந்தனர். அவர்கள் ஆக்கிய நிறுவனச் சேவைப் பாட்டை, ரணதிவேயின் பாட்டைக் கருத்துக்கு ஒருவகையில் வழித்தோன்றலாகும். உலகறிந்த ஈபே என்னும் இணையச் சந்தை நிறுவனம் அதனைத் தெரிந்தெடுத்தது. நாளொன்றுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் அதன் வழியே சென்றதாக அறிவிக்கப்பட்டது.

தொடக்கத்திலிருந்தே அந்நிறுவனம் தன் மென்பொருளின் மூல நிரலை அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளிப்படையாக வைத்தது. அந்த உரிமத்தின்படி எவரும் நிரலைப் பெறலாம், வாசிக்கலாம், தம் தேவைக்கேற்ப மாற்றலாம். நிறுவனத்துக்கு வருவாய் வந்தது உதவிச் சேவையிலிருந்து. விலை கொடுத்து வாங்க வழியற்ற சிறிய நிறுவனத்துக்கு இது பெரும் வாய்ப்பு. ஆயினும், நிரலை வாசித்துத் திருத்தத் தெரிந்த ஓரிருவரையாவது வேலைக்கு வைத்திருத்தல் வேண்டும். அவர்களுக்குரிய சம்பளமே அதன் விலை எனலாம்.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் கைமாறுவதாக அறிவிக்கப்பட்டது. வாங்கியது, சுவீடனைச் சேர்ந்த ஈ.கியூ.டி. என்னும் முதலீட்டு நிறுவனத்தின் ஆசிய நிதியம். மேலே சொன்ன வம்சாவளியில் இலங்கைப் பெயரும் சேர்ந்துகொண்டது. அப்பாச்சி உரிமத்தின்கீழ் அதுவரை வெளியிடப்பட்ட நிரலோ, அதனைப் பெற்றுக்கொண்டோர் கையில் அதே உரிமையோடு இருக்கின்றது. அவ்வுரிமையை மீளப் பெற அந்த உரிமத்தில் இடமில்லை.